இதயத்தை எண்ணும் கடிகாரம், மூளைக்கு இடும் மதிப்பெண்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் உடற்பயிற்சிக் கடிகாரம் ஒன்றையும், அதனுடன் இணைந்து இயங்கும் மார்புப் பட்டை ஒன்றையும் கடந்த எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கடிகாரம் ஒரு நிறுவனத்தினுடையது, பட்டை வேறொரு நிறுவனத்தினுடையது. இரண்டின் பெயரையும் இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் படிப்பவரின் கவனம் கருவியை விட்டுப் பெயரின் மேல் போய்விடும்.

எனக்கு வயது 52. மெய்ப்புத் திருத்துவது தொழில். காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழாமல், ஒற்று மிகுந்ததா விடுபட்டதா, றகரமா ரகரமா என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு உடலைப் பற்றிய நினைவு அபூர்வமாகத்தான் வரும். சென்ற ஆண்டின் இறுதியில் இரண்டு செய்திகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. வழக்கமான மருத்துவச் சோதனையில் என் ரத்த அழுத்தம் 138/88 என்று வந்தது. அதே மாதத்தில், நான் பார்த்து முடித்த பக்கங்களை இரண்டாம் முறை பார்க்கும் சக ஊழியர், பிற்பகலில் நான் திருத்தும் பக்கங்களில் மட்டும் பிழைகள் அதிகம் தப்புகின்றன என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இதயத்தையும் மனத்தின் கூர்மையையும் ஒருசேரக் கண்காணிப்பதாக உறுதி கூறிய கடிகாரம் என் கண்ணில் பட்டது அப்போதுதான். இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த உறுதிமொழியின் பின்னால் உண்மை இல்லாமல் இல்லை. மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 விழுக்காட்டையும், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டையும் அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. தனக்கென்று சேமிப்பு ஏதும் பெரிதாக வைத்துக்கொள்ளாத உறுப்பு அது. ரத்த ஓட்டம் சில நொடிகள் நின்றாலே நினைவு தப்பிவிடும். ஆகவே இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் நன்றாக வைத்திருப்பது மூளையையும் நன்றாக வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அந்த எதிர்பார்ப்பில் எவ்வளவு பங்கை ஒரு மணிக்கட்டுக் கருவியால் அளக்க முடியும் என்பதே என் கேள்வி.

முதலில் அது நன்றாகச் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தின் அடிப்பகுதியில் பச்சை ஒளி வீசும் சிறு விளக்குகளும், திரும்பி வரும் ஒளியை உணரும் உணரிகளும் இருக்கின்றன. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களில் ரத்தம் சற்றுப் பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவுகளை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். ஒளியைக் கொண்டு ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அறியும் இந்த வழியை ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1930-களின் பிற்பகுதியிலேயே விளக்கிவிட்டார். மார்புப் பட்டை வேறு வகையைச் சேர்ந்தது. அது இதயத்தின் மின் அலையையே நேராகப் பிடிக்கிறது. இதய மின் வரைபடத்துக்காக வில்லெம் ஐன்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றாரே, அந்த வழியின் எளிய வடிவம் அது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத் துடிப்புமானியை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்தக் கொள்கை மாறவில்லை.

உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும் இரண்டு கருவிகளும் காட்டும் எண்கள் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு துடிப்புகளுக்கு மேல் விலகவில்லை. பல நாட்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். விரலால் மணிக்கட்டைப் பிடித்து முழு நிமிடம் எண்ணியும் பார்த்தேன். ஓய்வுநிலைத் துடிப்பைப் பொறுத்தவரை கடிகாரத்தை நம்பலாம்.

நடக்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. கை வீசும்போது கடிகாரம் தோலின் மேல் சிறிது சிறிதாக அசைகிறது. அந்த அசைவும் ஒளியின் அளவை மாற்றுவதால், அடியெடுத்து வைக்கும் தாளத்தையே கருவி நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. நான் விரைந்து நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி வைக்கிறேன். மார்புப் பட்டை 104 என்று காட்டிய பல நிமிடங்களில் கடிகாரம் 120-ஐப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. மெதுவோட்டத்தில் இது இன்னும் மோசம்: பட்டையில் 142, கடிகாரத்தில் 160. குளிர்ந்த காலை நேரங்களில் தோலுக்கு ரத்தம் குறைவாக வருவதால் முதல் பத்து நிமிடங்களின் எண்கள் எதற்கும் உதவவில்லை. மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி, வார் தோலில் நன்றாகப் பொருந்துமாறு கட்டியபின் தவறுகள் பாதியாகக் குறைந்தன. இந்த ஒரு குறிப்பு கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது; கடைசிப் பக்கங்களில் எங்கோ கிடக்கிறது. தோலிலுள்ள மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும்; பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினால் துடிப்பே தெரியாமல் போகலாம்.

பட்டைக்கும் குறை உண்டு. அதன் மின்முனைகளை நீரில் நனைத்துக் கட்டாவிட்டால், வியர்வை வரும்வரை, 40 என்றும் 210 என்றும் அர்த்தமில்லாத எண்களைக் காட்டும். முதல் வாரம் இது தெரியாமல் என் இதயத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அஞ்சியவன் நான். நனைத்துக் கட்டினால் பிறகு அதன் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து, பயிற்சி மண்டலங்கள்: இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பை வைத்து உழைப்பை லேசானது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கும் துடிப்பு எல்லைகள். இங்கேதான் கடிகாரம் முதன்முதலாக அளவீட்டை விட்டு ஊகத்துக்குள் போகிறது. போவதைச் சொல்லாமல் போகிறது. பெட்டியிலிருந்து எடுத்து வயதைப் பதிந்தவுடன், 220-இலிருந்து வயதைக் கழித்து, என் உச்சத் துடிப்பு 168 என்று அது தானே முடிவு செய்துகொண்டது. 1970-களின் தொடக்கத்தில் அதுவரை வெளிவந்திருந்த தரவுகளை ஒன்றுசேர்த்து வரைந்த ஒரு கோட்டிலிருந்து பிறந்த சூத்திரம் அது. 2001-இல் தனகாவும் உடன் ஆய்வாளர்களும் மிகப் பெரிய தரவிலிருந்து வேறொரு சூத்திரத்தைத் தந்தார்கள்: 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது. அதன்படி எனக்கு 172 வருகிறது. இரண்டுமே கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்துபவை. ஒரே வயதினரிடையே பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருப்பது சாதாரணம். மருத்துவரிடம் அனுமதி பெற்று, பட்டையைக் கட்டிக்கொண்டு, நீண்ட ஏற்றம் ஒன்றில் இனி முடியாது என்னும் வரை ஏறியபோது எனக்குக் கிடைத்த எண் 181. பதின்மூன்று துடிப்பு வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஓய்வுநிலைத் துடிப்பையும் கணக்கில் எடுக்கும் கார்வோனன் முறைப்படி, என் நடுத்தரப் பயிற்சியின் கீழ் எல்லை பழைய எண்ணில் 127, புதிய எண்ணில் 135. அதாவது முதல் இரண்டு மாதங்கள், நான் கடினமாக உழைப்பதாகக் கடிகாரம் பாராட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் நான் உலாவிக்கொண்டிருந்தேன். அமைப்புகளில் உச்சத் துடிப்பைக் கையால் மாற்ற இடம் இருக்கிறது. மூன்று திரைகளுக்கு உள்ளே.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்பவர்களுக்கு இந்த மண்டலங்கள் அறவே பொருந்தாது. அவர்களுக்கு குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான உழைப்புணர்வு அளவுகோல் எவ்வளவோ மேல். எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று தன்னையே கேட்டு ஓர் எண் சொல்வதுதான் அது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நலமுள்ள இளைஞரின் நாடித்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும்படி அமைத்திருக்கிறார். கருவியே வேண்டியதில்லை. என் எழுபது வயது அத்தை இதைத்தான் பயன்படுத்துகிறார். பேசிக்கொண்டு நடக்க முடிகிறது, பாட முடியவில்லை என்றால் போதும் என்பது அவருடைய சொந்தச் சுருக்கம். மருத்துவர்களும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறார்கள்.

கடிகாரம் என்னிடம் தன் இடத்தைப் பெற்றது ஓய்வுநிலைத் துடிப்பின் மாத வரைபடத்தால்தான். வாங்கிய மாதத்தில் என் சராசரி 74. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், அதில் இரண்டு நாள் ஏற்றமும் மெதுவோட்டமும் கலந்து என்று பழகிய எட்டாம் மாதத்தில் 65. முதல் ஆறு வாரங்கள் கோடு அசையவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆறு வாரங்களில் கைவிடாமல் இருந்ததற்குக் கடிகாரம் காரணமல்ல, சக ஊழியரின் தயக்கமான குரல்தான் காரணம். ஓய்வில் இருக்கும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை பயிற்சியால் பெரிதாக மாறுவதில்லை. ஒரு துடிப்புக்கு எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. பயிற்சியில் ரத்தத்தின் மொத்தக் கொள்ளளவு கூடுகிறது, இதயத்தின் இடக் கீழறை முன்பைவிட நன்றாக நிறைகிறது, ஒரு துடிப்புக்கு 68 மில்லிலிட்டர் தள்ளியது 77 மில்லிலிட்டர் தள்ளினால் 74 முறை துடிக்க வேண்டிய இடத்தில் 65 போதும். தாங்குதிறன் விளையாட்டுகளில் பல ஆண்டு பழகியவர்களுக்கு இது 40-ஐ ஒட்டி இறங்குவதும் உண்டு. பயிற்சியே இல்லாத ஒருவருக்குத் துடிப்பு அப்படி இறங்கித் தலைசுற்றலும் வந்தால் அது வலிமையல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி. கடிகாரம் இரண்டுக்கும் ஒரே பச்சை நிறத்தைத்தான் பூசுகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது மீட்சி எண். கடும் உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதே அது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு உழைப்பின்போது பின்வாங்கியிருக்கும்; அது, உழைப்பு முடிந்தவுடன் எவ்வளவு விரைவாகத் திரும்பி வந்து இதயத்தைக் கடிவாளத்தில் பிடிக்கிறது என்பதை அது காட்டுகிறது. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயப் பரிசோதனைக்காக அனுப்பப்பட்ட 2428 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களின் இறப்பு வாய்ப்பு, வயது முதலிய பிற காரணங்களைக் கழித்த பின்னும், மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. அவர்கள் பயிற்சி முடிந்ததும் மெதுவாக நடந்துகொண்டே இருந்தார்கள். சட்டென்று படுத்துக்கொண்டால் எண் வேறாகும். எனக்கு முதல் மாதம் 14, இப்போது 24. ஆனால் கடிகாரம் இந்த எண்ணைப் பயிற்சிப் பதிவின் அடியில் ஒரு மூலையில், எந்த விளக்கமும் இல்லாமல் போட்டிருக்கிறது. முகப்புத் திரையை அலங்கரிப்பதோ இன்று எத்தனை அடி நடந்தேன் என்ற கணக்கு.

கடும் உழைப்பில் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்னும் உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டைப் பற்றிய மதிப்பீடும் உண்டு; ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்பது அதன் கணக்கு. முகமூடி மாட்டி, மூச்சுக் காற்றைப் பகுத்து ஆய்வகத்தில் அளக்க வேண்டியதை, நடையின் வேகத்தையும் துடிப்பையும் வைத்துக் கடிகாரம் கணிக்கிறது. துடிப்புத் தவறானால் இதுவும் தவறு. பட்டையோடு நடந்த நாட்களில் 33 என்றும், பட்டையில்லாமல் நடந்த நாட்களில் 30 என்றும் ஒரே வாரத்தில் காட்டியது. போக்கு மேல்நோக்கி இருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் இந்த அளவு முக்கியமானது என்பதை மறுக்க முடியாது. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள்; அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை எடுத்துக்கொண்டது அந்த மூன்று வாரம் எடுத்துக்கொண்டதைவிடக் குறைவாக இருந்தது. இதைப் படித்த நாளில் என் நாற்காலியை நான் பார்த்த பார்வையே வேறு.

இனி மனத்துக்கு வருகிறேன். கடிகாரத்தின் செயலி ஒவ்வொரு காலையும் மனக்கூர்மைக்கு 100-க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. இரவு தூக்கம், ஓய்வுநிலைத் துடிப்பு, துடிப்புகளுக்கு இடையேயான கால வேறுபாடு, முந்தைய நாள் உழைப்பு ஆகியவற்றைச் சேர்த்து அது கணக்கிடப்படுவதாகச் சொல்கிறார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடவில்லை. இந்தப் பட்டியலில் மனத்தை நேரடியாக அளப்பது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. தூக்கத்தைக்கூட அது அசைவையும் துடிப்பையும் வைத்துத்தான் ஊகிக்கிறது. அசையாமல் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருந்த ஒரு மணி நேரத்தை ஆழ்ந்த உறக்கம் என்று எழுதி வைத்தது.

முதல் மூன்று மாதம் நான் அதை நம்பினேன். 40-க்குக் கீழே வந்த காலைகளில் கடினமான பக்கங்களை ஒதுக்கிவைத்தேன், மந்தமாகவும் உணர்ந்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நான்கு வாரம் காலையில் செயலியைத் திறக்காமல், இரவு படுக்குமுன் மட்டும் அன்றைய மதிப்பெண்ணைப் பார்த்து, அன்று தப்பவிட்ட பிழைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். தொடர்பு ஏதும் இல்லை. 35 வந்த நாளில் ஒற்றுப்பிழை ஒன்றுகூடத் தப்பவில்லை. 88 வந்த நாளில் ஒரு தலைப்பிலேயே ணகரம் னகரமாகக் கிடந்ததை விட்டுவிட்டேன். மதிப்பெண்ணைக் காலையில் பார்த்த நாட்களில்தான் அது பலித்திருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு இதையே காட்டியது: நேற்று இரவு உங்கள் தூக்கத்தின் தரம் குறைவு என்று பொய்யாகச் சொல்லப்பட்ட மாணவர்கள், உண்மையில் எப்படித் தூங்கியிருந்தாலும், கவனத் தேர்வுகளில் மோசமாகச் செய்தார்கள். ஒருவருடைய கையில் அந்தப் பொய்யைத் தினமும் காலையில் சொல்லும் கருவியைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று இதைத் தயாரித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கருவியின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான், மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் உடலுறுதிக்கும் மனத்திறனுக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. அது காலைக்குக் காலை மாறும் வகையைச் சேர்ந்ததாக இல்லை. நான் தேடிப் படித்தவற்றில் மிக வலுவாகத் தெரிந்தவை நீண்ட கால ஆய்வுகள். 1968-இல் மிதிவண்டிச் சோதனைக்கு உட்பட்ட 191 ஸ்வீடன் நாட்டுப் பெண்களை 44 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, தாங்குதிறன் குறைந்திருந்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கும், நடுத்தரமானவர்களில் 25 விழுக்காட்டினருக்கும், மிகுந்திருந்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் மறதிநோய் வந்தது. கேட்பவரை நிமிர வைக்கும் எண்கள். ஆனால் அந்தக் கடைசிக் குழுவில் இருந்தவர்களே 40 பேர்தான், 5 விழுக்காடு என்பது இருவர். மேலும், உறுதியான உடல் கொண்டவர் வேறு பல விதங்களிலும் நல்வாய்ப்புப் பெற்றவராக இருக்கலாம். அதே நாட்டில் படைச் சேவைக்காகச் சோதிக்கப்பட்ட பன்னிரண்டு லட்சம் இளைஞர்களின் பதிவுகளில், பதினெட்டு வயதில் இதயத் தாங்குதிறன் மிகுந்தவர்கள் அறிவுத் தேர்விலும் மேலே இருந்தார்கள். தசை வலிமைக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மூளைக்கு வழி இதயத்தின் ஊடாகப் போகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகள் இன்னும் நேரடியானவை. 1999-இல் கிரேமரின் குழுவினர் 60 முதல் 75 வயது வரையிலான 124 பேரில் ஒரு பகுதியினரை ஆறு மாதம் நடக்கவும், மறு பகுதியினரைத் தசைகளை நீட்டும் பயிற்சிகள் செய்யவும் வைத்தார்கள். நடந்தவர்கள் எல்லாவற்றிலும் தேறிவிடவில்லை. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், கவனத்தைக் கலைப்பதை ஒதுக்குதல் போன்ற செயலாட்சித் திறன்களில் மட்டும் தேறினார்கள். 2011-இல் எரிக்சனின் குழுவினர் 120 முதியவர்களிடம் ஓராண்டு இதைச் செய்து மூளையைப் படம் பிடித்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் என்னும் நினைவுப் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு அது 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. இவை மேடைதோறும் சொல்லப்படும் ஆய்வுகள். 2023-இல் இத்தகைய பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் 24-ஐ ஒன்றாக வைத்து அலசிய ஓர் ஆய்வு, வெளியாகாமல் போன முடிவுகளுக்கும் இடம் கொடுத்துப் பார்த்தால் நலமுள்ளவர்களுக்கு அறிவுத்திறனில் கிடைக்கும் பலன் மிகச் சிறிதாகிவிடுகிறது என்று கண்டது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. விளம்பரம் எழுதுபவர்கள் இதைப் படித்திருக்கலாம், எழுத மாட்டார்கள்.

என் சொந்தக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். கடிகாரம் வாங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நூறு பக்கத்துக்கு 11 பிழைகளை நான் தப்பவிட்டதாக இரண்டாம் பார்வைக் குறிப்புகள் சொல்கின்றன. கடந்த மூன்று மாதங்களில் அது 8. இந்தக் குறைவு முழுக்கப் பிற்பகல் பக்கங்களில்தான். காலைப் பக்கங்களில் மாற்றமே இல்லை. இதை நடையின் பயன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் இதே காலத்தில் மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் எழுந்து போய்வரும் பழக்கமும் வந்துவிட்டது, முன்னைவிட முன்னதாகப் படுக்கிறேன், என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வும் இருக்கிறது. மூன்று பிழைகளில் எத்தனை இதயத்தைச் சேர்ந்தவை என்று பிரிக்க எந்தக் கருவியாலும் முடியாது.

மூளையைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு இந்தக் கடிகாரம் அளக்காத ஒன்று, அளக்கும் எல்லாவற்றையும்விட முக்கியமானது: ரத்த அழுத்தம். 2019-இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு வருவது 19 விழுக்காடு குறைந்தது. முழு மறதிநோயில் உறுதியான வேறுபாட்டைக் காணும் முன்பே சிகிச்சைப் பகுதி முடிக்கப்பட்டுவிட்டது. மேற்கையில் கட்டி அளக்கும் சாதாரணக் காற்றுப்பட்டைக் கருவியில் என் எண் இப்போது 128/82. மாதம் இருமுறை அதைக் குறித்துவைக்கிறேன். கடிகாரமா காற்றுப்பட்டைக் கருவியா என்று யாராவது என்னிடம் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை வசதியைப் பற்றியும் கேட்பார்கள். எனக்கு அது ஒருமுறைகூட ஒலிக்கவில்லை, ஆகவே அனுபவத்தால் சொல்ல ஒன்றுமில்லை. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலை பக்கவாதத்தின் வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆக்குகிறது என்பதால் வசதி வீண் அல்ல. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்று 2019-இல் முடிவு வெளியான ஆப்பிள் நிறுவனத்தின் ஆய்வில், எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினரே, பின்னர் ஒட்டும் மின் பதிவுக் கருவியை அணிந்து அதைத் திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அந்த நிலை மறுபடியும் பதிவானது. வந்து போகும் தன்மையுடைய நிலை அது. இந்தக் கடிகாரங்கள் எதுவும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. மார்பு வலி வந்தவர் திரையில் பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

எஞ்சியவை சில வரிகளில் முடிந்துவிடும். மின்கலம் ஆறு நாள் தாங்குகிறது, ஒன்பது நாள் என்று சொல்லியிருந்தார்கள். வார் நான்காம் மாதத்தில் வெளிறியது. எடை தூக்கும் பயிற்சியைக் கடிகாரம் ஏறத்தாழக் கண்டுகொள்வதே இல்லை. கைப்பிடியை இறுக்கினால் மணிக்கட்டின் தசைநாண்கள் அசைந்து துடிப்பு எண் மறைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் அசையாவிட்டால் மணிக்கட்டில் மெல்லத் தட்டி எழுப்பும் வசதி, நான் முதலில் எரிச்சலோடு அணைத்துவைத்து, பிறகு திரும்பத் திறந்துகொண்ட ஒன்று. தரவுகளைச் செயலியிலிருந்து முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள முடிகிறது. மேலே சொன்ன ஒப்பீடுகள் எல்லாம் அதனால்தான் சாத்தியமாயின.

ஏற்கெனவே நடப்பவர், ஓடுபவர், தன் பயிற்சியின் கடுமையைச் சரிபார்க்க விரும்பினால் மார்புப் பட்டை ஒன்றே போதும். அதைக் கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தன் ஓய்வுநிலைத் துடிப்பு எங்கே போகிறது என்று அறிய விரும்புபவருக்குக் கடிகாரம் பயன்படும், உச்சத் துடிப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் பொறுமை இருந்தால். எண்களைப் பார்த்தால் பதற்றம் கொள்ளும் இயல்புடையவர் இதை வாங்க வேண்டாம். மனக்கூர்மையை அளக்கும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

ஐந்து நட்சத்திரத்தில் பட்டைக்கு நான்கரை, கடிகாரத்துக்கு மூன்று. காலை மதிப்பெண்ணை முகப்பிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் முதல் நிமிட மீட்சி எண்ணை வைக்க வழி கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். மதிப்பெண் பயனர்கள் மிகவும் விரும்பும் வசதி என்று பதில் வந்தது. என் சக ஊழியரிடம் அந்தப் பதிலைக் காட்டினேன்; அவர் அதிலிருந்த இரண்டு பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். ஒன்றை நான் கவனித்திருக்கவில்லை.